23 தெய்வங்கள் எழுதியாச்சு, மேசைக்கு வருவது மூன்றுதான்

களம்பாடி எழுதியது:

வணக்கம். டி அண்ட் டி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பில், 2014 விதிகளின்படி, சொந்த உலகம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து பேர், ஆறாம் லெவல். இன்னும் பதினைந்து செஷனுக்குக் கதை இருக்கிறது. ஒரு கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் போடும் பூசாரி; அவருடைய டொமைன், அதாவது சக்தித் துறை, லைஃப்), ஒரு பாலடின் (சபதம் எடுத்த புனித வீரர்). மற்ற மூவரும் சாமி பக்கமே போகாதவர்கள்.

நிலம் இப்படி: பெரிய ஆறு ஒன்று, அதன் கழிமுகத்தில் மூன்று நகரங்கள், மேற்கே மலைக்கோட்டை. பாந்தியனில், அதாவது அந்த உலகத்தின் தெய்வக் கூட்டத்தில், 23 தெய்வங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: பிறப்பு, உறவுமுறை, ஆயுதம், சின்னம், அலைன்மென்ட் (நல்லவரா தீயவரா), டொமைன். இதில் விளையாடுபவர்களுக்கு நினைவிருப்பது சூரியன், மரணம், போர் மூன்றும்தான். கிளெரிக்கும் ஸ்பெல் (மந்திரம்) போடும்போது சூரியன் பெயரைச் சொல்வதோடு சரி.

கேட்க வேண்டியவை: எத்தனை தெய்வம் போதும்? ஓடுகிற கேம்பெய்னில் (தொடர்கதையில்) பாதியை வெட்டினால் கதை உடையாதா? தீய தெய்வங்கள் ஆறும் வில்லனுக்கு முதலாளியாக மட்டும் நிற்கிறார்கள், அவர்களை வைத்து வேறு என்ன செய்யலாம்? பத்தாம் லெவலில் டிவைன் இன்டர்வென்ஷன் (தெய்வத்தையே உதவிக்குக் கூப்பிடும் சக்தி) வந்துவிடும், அதை எப்படிச் சமாளிப்பது?

——

வரைபடக்காரன் எழுதியது:

நீங்கள் எழுதிய தலைப்புகளிலேயே கோளாறு தெரிகிறது. பிறப்பு, உறவு, ஆயுதம், சின்னம் எல்லாம் தெய்வத்தைப் பற்றியவை. மேசைக்குத் தெய்வம் வருவதே இல்லை. பூசாரி வருவார், உண்டியல் வரும், படகு முனையில் வைத்த உப்பு வரும், விசேஷ நாள் என்று பூட்டிக் கிடக்கும் சந்தை வரும். அதையெல்லாம் எழுதுங்கள். சூரியனின் மாமனார் யார் என்பது யாருக்கும் வேண்டாம்.

எண்ணிக்கை: உங்களுக்கு ஏழு போதும். 2014 விதிப் புத்தகமான ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் கிளெரிக் டொமைன்கள் ஏழு: நாலெட்ஜ், லைஃப், லைட், நேச்சர், டெம்பஸ்ட் (புயல்), ட்ரிக்கரி (தந்திரம்), வார். டொமைனுக்கு ஒரு தெய்வம் என்று பிரிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிப் பிரித்தால் லைஃப் எடுக்கிற கிளெரிக்குக் கும்பிட ஒரே சாமிதான். மாறாக, தெய்வத்துக்கு இரண்டு டொமைன் கொடுங்கள், ஒவ்வொரு டொமைனும் இரண்டு தெய்வத்திடம் இருக்கட்டும். ஏழு தெய்வம், 14 இடம், கணக்கு நேராகிறது. ஒரே லைஃப் டொமைனை மருத்துவச்சித் தெய்வத்திடம் வாங்குவதும் விளைச்சல் தெய்வத்திடம் வாங்குவதும் இரண்டு வேறு கேரக்டர்கள்.

அந்த ஏழையும் வானத்திலிருந்து தொடங்காதீர்கள். அடுத்த செஷன் நடக்கப்போகிற ஊரை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். ஊரில் பெரிய கோயில் யாருடையது? அடுப்படியில் யாரைக் கும்பிடுகிறார்கள்? இடிந்து கிடக்கிற கோயில் யாருடையது? மூன்று தெய்வம் கையில் வந்துவிடும். மற்ற நான்கையும் கதை அந்தந்த ஊருக்குப் போகும்போது எழுதினால் போதும்.

தெய்வத்துக்கு ஒரு அட்டை, ஆறு வரி. உங்கள் ஆற்றுக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன்.

கரையோள். ஆற்றைக் கடப்பவர்களின் தெய்வம், டெம்பஸ்ட், லைஃப்.
கும்பிடுவோர்: படகோட்டிகள், சுங்கக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள். ஒரு கரை விட்டு மறுகரை ஏறும் யாரும்.
சடங்கு: ஏறுமுன் படகு முனையில் ஒரு சிட்டிகை உப்பு. இறங்கியதும் அதே கையால் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டும்.
விலக்கு: பேசிய கூலியைக் கொடுத்தவனை, அவன் யாராக இருந்தாலும், கரையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.
காணிக்கை: ஒவ்வொரு பத்தாவது பயணத்தின் கூலி.
பூசாரி: துறைமேட்டுக் கிழவி. பாலம் கட்டும் வேலையை நிறுத்தப் பார்க்கிறாள், பாலம் வந்தால் கோயிலுக்கு வரும்படி கிடையாது.
சச்சரவு: மூழ்கியவரை அவள் எடுத்துக்கொண்டாள், தேடக் கூடாது என்கிறது கீழ்க்கரை. தேடி எடுத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அவளுக்கு மரியாதை என்கிறது மேல்கரை.

இதில் உயிர்நாடி விலக்குதான். கொலைகாரன் ஒருவன் ஓடி வந்து காசை நீட்டுகிறான், துடுப்பு உங்கள் கிளெரிக் கையில். ஒரு செஷன் தயார். நல்ல எண்ணத்தோடு இருக்கிறவன்கூட ஒரு மாலைக்குள் மீற நேரிடுவதுதான் நல்ல விலக்கு. 'அப்பாவியைக் கொல்லாதே' என்று எழுதினால் யாரும் மீறப்போவதில்லை, எழுதி என்ன பயன்? 'பொய் சொல்லாதே' என்றால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மீறல், கதையை நடத்துகிற டிஎம்முக்குப் போலீஸ் வேலை. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று இரண்டு வரி தருகிறார்கள். நீளம் அவ்வளவுதான் இருக்க வேண்டும். அந்த விளையாட்டை ஆடாதவர்களும் அந்தப் பகுதியைப் படிப்பது நல்லது.

வெட்டுவது: அழிக்காதீர்கள், ஒன்றோடொன்று சேருங்கள். எகிப்தில் தீப்ஸ் நகரத்து ஆமுனும் சூரியன் ராவும் சேர்ந்து ஆமுன்-ரா ஆனார்கள். கிரேக்கர்கள் போன இடமெல்லாம் 'இது நம்ம ஸீயஸ்தான்' என்று உள்ளூர்ச் சாமிக்குப் பெயர் ஒட்டினார்கள். உங்களிடம் மூன்று நகரம் இருக்கிறது. மூன்று தெய்வத்தை ஒரே தெய்வத்தின் மூன்று ஊர்ப் பெயராக மாற்றுங்கள். இதுவரை மேசையில் சொன்னது எதுவும் பொய்யாகாது. 'எங்கள் ஊரில் அவளுக்கு வேறு பெயர்' என்று ஒரு வியாபாரி சொன்னால் முடிந்தது. மிச்சம் இருக்கிறவர்கள் தெருப் பெயராகவும் வசவுச் சொல்லாகவும் பாழ்மண்டபமாகவும் போகட்டும்.

உறவுமுறை மரம் வேண்டவே வேண்டாம். ஏழு பெயரையும் வட்டமாக எழுதி, ஒவ்வொருவரும் தன் வலப்பக்கத்தாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். ஏழு வரி. எல்லோருக்கும் எல்லோரோடும் உறவு எழுதப் புகுந்தால் 21 ஜோடி, அதில் 14 என்றைக்கும் மேசைக்கு வராது.

——

ரூன்தச்சன் எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனா அட்டை மட்டும் எழுதி வெச்சா பத்தாது. கும்பிடுறதுக்கு விதியில ஒரு விலை இருக்கணும். ஐந்தாம் பதிப்பில அது இல்லை, அதான் உங்க கிளெரிக் பேரைச் சொல்லிட்டுப் போயிடுறாரு. எட்டு மணி நேரம் தூங்கினா ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்ங்கிற கணக்கு) எல்லாம் திரும்பி வந்துடுது. சாமிக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

1978ல வந்த ரூன்க்வெஸ்ட் விளையாட்டு இதை வேற மாதிரி பார்த்துச்சு. அங்க தெய்வத்தை விட கல்ட் முக்கியம், அதாவது அந்த தெய்வத்தைக் கும்பிடுற கூட்டம். நீங்க தீட்சை வாங்கின உறுப்பினர்னா நேரத்துல பத்துல ஒரு பங்கு, வரும்படியில பத்துல ஒரு பங்கு கோயிலுக்கு. இப்ப இருக்கிற பதிப்புல தெய்வ மந்திரத்துக்குச் செலவழிக்கிற ரூன் பாயின்ட்னு ஒண்ணு உண்டு. அதை வாங்கணும்னா உங்க பவர் (ஆன்ம பலம்) மதிப்பிலிருந்து ஒரு புள்ளியை நிரந்தரமா விட்டுக் கொடுக்கணும். செலவழிச்ச பாயின்ட் தூங்கினா வராது, விசேஷ நாள்ல போய்க் கும்பிட்டாதான் வரும். அதனால வீரர்களே கேலண்டரைப் பார்த்துத்தான் கிளம்புவாங்க. அந்த விளையாட்டு நடக்கிற க்ளோரந்தா உலகத்துல வருஷம் 294 நாள்: அஞ்சு பருவம், பருவத்துக்கு எட்டு வாரம், கடைசியில ரெண்டு வாரம் புனிதக் காலம். அந்தக் கணக்கு ஆடுறவங்களுக்கே மனப்பாடம் ஆயிடும், ஏன்னா அவங்க மந்திரம் அதுல மாட்டிட்டிருக்கு.

இடர் வரும்போது தெய்வத்தைக் கூப்பிடுறதும் அங்க விலை வெச்சதுதான். சாதாரண உறுப்பினர் டி100 (ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் விழுற பகடை) உருட்டணும், தன் பவர் அளவுக்குள்ள விழுந்தா தெய்வம் வரும். ஆனா எவ்வளவு விழுந்துச்சோ அவ்வளவு பவர் போயிடும். பவர் 15 இருக்கிறவன் 12 உருட்டினா பிழைச்சான், மிச்சம் 3. சரியா 15 விழுந்தா தெய்வம் வரும், இவன் அதோட போயிடுவான். ஒரு வரி விதிதான், பாருங்க எவ்வளவு பயம்!

இதை அப்படியே ஐந்தாம் பதிப்புக்குக் கொண்டு வராதீங்க, மத்த கிளாஸ்களோட (கேரக்டர் வகைகளோட) சமநிலை போயிடும். சின்னதா ஒண்ணு செய்யலாம். லாங் ரெஸ்ட்ல, அதான் அந்த எட்டு மணி நேரத் தூக்கத்துல, ஸ்லாட் எப்பவும் போல வரட்டும். சேனல் டிவினிட்டி (தெய்வ சக்தியை நேரா இறக்குற கிளெரிக் திறமை) மட்டும் அட்டையில இருக்கிற சடங்கைச் செஞ்சாதான் திரும்ப வரும்னு வையுங்க. உப்பு வைக்கிறது பத்து செகண்ட் வேலை, யாருக்கும் பாரமில்லை. ஆனா பாலைவனத்துல உப்பு தீர்ந்து போச்சுன்னா அங்க ஒரு கதை இருக்கு. முதல்லயே மேசையில சொல்லி சம்மதம் வாங்கிடுங்க, நடுவுல திணிச்சா சண்டை வரும்.

இன்னொரு மாதிரி வேணும்னா டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ் (2012) விளையாட்டைப் பாருங்க. அங்க கிளெரிக்குக்கு ஸ்லாட்டே கிடையாது, முடிஞ்ச மட்டும் போடலாம். ஒவ்வொரு தடவை மந்திர உருட்டல்ல தோத்தா தெய்வத்தோட அதிருப்தி எல்லை ஒண்ணு கூடும். காலையில 1 விழுந்தா மட்டும் கோபம், மூணு தடவை தோத்த பிறகு 4 வரைக்கும் எது விழுந்தாலும் கோபம். 50 பொன் மதிப்புக்குக் காணிக்கை போட்டா ஒண்ணு குறையும். அந்த உண்டியல் சத்தம் நமக்குப் பழகினதுதானே.

——

களம்பாடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. 23ஐ ஏழாகச் சேர்த்துவிட்டேன், நான்கு தெய்வம் ஊர்ப் பெயராக மாறிவிட்டன. சேனல் டிவினிட்டி யோசனைக்குக் கிளெரிக் சம்மதம். இரண்டு சந்தேகம் மிச்சம். விலக்கை மீறினால் சக்தியைப் பிடுங்கலாமா? தேரோஸ் புத்தகத்தின் பயட்டி (பக்திப் புள்ளி) விதியை எடுத்து வைத்தால் சாமி கும்பிடாத மூவரும் உள்ளே வருவார்களா?

——

இருபதுமுகம் எழுதியது:

பிடுங்காதீர்கள். 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில் நெறியை மிக மோசமாக மீறிய கிளெரிக் ஸ்பெல், கிளாஸ் சக்தி எல்லாவற்றையும் இழப்பார், பரிகாரம் செய்யும் வரை திரும்பாது. 2014 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் கிளெரிக்குக்கு அப்படி ஒரு விதி இல்லை. பாலடினுக்கு மட்டும் சபதம் முறிப்பது பற்றி ஒரு பெட்டிச் செய்தி இருக்கிறது. காரணம் எளிது: ஐந்து பேர் மேசையில் ஒருவரின் ஸ்பெல்லை எடுத்தால் அவர் அன்றைக்கு வெறுமனே உட்கார்ந்திருப்பார், மற்ற நால்வருக்கும் குணப்படுத்த ஆள் இல்லை. தண்டனை விழுவது தப்பு செய்தவருக்கு மட்டுமல்ல.

மூன்று படியாக வையுங்கள். முதல் மீறலுக்கு ஒரு அடையாளம்: உப்பு கறுத்துப் போகும், விளக்கு பற்றாது. விதியில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாவதுக்குச் சேனல் டிவினிட்டி ஒரு நாள் நிற்கும். மூன்றாவதுக்குத் தெய்வம் ஒன்றும் செய்யாது, கோயில் ஆள் அனுப்பும். கிழவியின் பேரன் நான்கு படகோடு வந்து நின்று விளக்கம் கேட்பது, வானத்திலிருந்து இடி விழுவதைவிட நல்ல காட்சி. பேசித் தீர்க்கலாம், பொய் சொல்லலாம், காசு கொடுக்கலாம்.

பயட்டி: 2020ல் வந்த அந்தப் புத்தகத்தில் தெய்வத்தைத் தேர்ந்தெடுத்ததும் 1ல் தொடங்கும், பலன் கிடைக்கும் படிகள் 3, 10, 25, 50. உங்களுக்கு மிச்சம் 15 செஷன். செஷனுக்கு ஒன்று என்று வைத்தாலும் கடைசியில் 16தான். இரண்டு படி ஏறுவார்கள், மற்ற இரண்டையும் பார்க்கவே மாட்டார்கள். படிகளை 3, 6, 10, 15 என்று மாற்றுங்கள். பலனும் சிறிதாக இருக்கட்டும். கரையோளுக்கு என்றால் 3ல் நாளுக்கு ஒரு முறை ஃபாக் க்ளவுட் (மூடுபனி மந்திரம்). 6ல் நீச்சலுக்கும் படகுக்கும் ஆன உருட்டல்களில் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது). 10ல் நாளுக்கு ஒரு முறை வாட்டர் வாக் (தண்ணீர்மேல் நடக்கும் மந்திரம்). 15ல் என்ன என்பதை அந்தக் கேரக்டர் அதுவரை என்ன செய்தது என்று பார்த்து எழுதுங்கள்.

பயட்டி கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான்: எதற்குப் புள்ளி என்று முன்கூட்டியே எழுதாமல் விட்டால், 'எதிரியைக் கொன்றேன், புள்ளி கொடுங்கள்' என்று வந்து நிற்பார்கள். அட்டையின் பின்பக்கம் ஏற்றுகிற செயல் மூன்று, இறக்குகிற செயல் மூன்று எழுதுங்கள். ஏற்றுகிற மூன்றில் ஒன்றுகூடச் சண்டையாக இருக்க வேண்டாம். கணக்கை வீரரே வைத்துக்கொள்ளட்டும், ஐந்து பேர் கணக்கையும் டிஎம் தூக்கித் திரிய முடியாது.

சாமி கும்பிடாத மூவரைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. 'உன் தெய்வம் யார்' என்று கேட்பதே தப்பான கேள்வி. பல தெய்வம் உள்ள உலகத்தில் ஒரு தெய்வத்தோடு கட்டுண்டவர் பூசாரி மட்டுமே. மற்றவர்கள் படகு ஏறும்போது ஒருத்தி, வழக்கு என்றால் ஒருவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேறொருவர் என்று போவார்கள். குலதெய்வம் ஒரு பக்கம், ஊர்க்கோயில் ஒரு பக்கம், இஷ்டதெய்வம் ஒரு பக்கம் என்று வளர்ந்த நமக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கேரக்டர் ஷீட்டில் 'தெய்வம்' என்று ஒரே ஒரு கட்டம் இருப்பதால் நாமும் ஒன்றை எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். ரோக் (திருடன் வகை) ஆடுபவரிடம் 'சின்ன வயதில் உன் வீட்டு வாசலில் தினமும் என்ன செய்தார்கள்' என்று மட்டும் கேளுங்கள். பதில் எதுவானாலும் ஏழில் ஒரு தெய்வத்தோடு முடிச்சுப் போட்டுவிடலாம்.

டிவைன் இன்டர்வென்ஷன்: 2014 விதியில் ஒரு ஆக்ஷன் செலவழித்து டி100 உருட்ட வேண்டும், கிளெரிக் லெவலுக்குச் சமமாகவோ கீழேயோ விழுந்தால் தெய்வம் வரும். பத்தாம் லெவலில் 10 சதவீதம். தோற்றால் லாங் ரெஸ்டுக்குப் பிறகு மறுபடி கேட்கலாம், ஜெயித்தால் ஏழு நாள் கேட்க முடியாது. சண்டையில் இது பத்தில் ஒன்று, யாரும் நம்பிப் போட மாட்டார்கள். பிரச்சினை ஓய்வு நாட்களில்தான். தினமும் ஒரு தரம் கேட்டால் ஏழு நாளுக்குள் ஒரு முறையாவது பலிக்க 52 சதவீதம், 30 நாளுக்குள் 96 சதவீதம். 'கப்பலில் ஒரு மாதம் போகிறோம்' என்று நீங்கள் சொன்ன நிமிஷமே அரசனின் சாபம் தீர்ந்துவிடும். இரண்டு வேலி போடுங்கள். ஒன்று, சண்டைக்கு வெளியே கேட்டால் முழுச் சடங்கும் காணிக்கையும் வேண்டும். இரண்டு, வருகிற உதவி அந்தத் தெய்வத்தின் சாயலில்தான் இருக்கும். கரையோள் எதிரியைக் கொல்ல மாட்டாள். வெள்ளம் வந்து உங்கள் எல்லோரையும் மறுகரையில் போட்டுவிடும், மூட்டை முடிச்சு இந்தக் கரையில் கிடக்கும். ஒவ்வொரு அட்டையிலும் இப்படி ஒரு வரி முன்பே எழுதி வைத்துக்கொண்டால் உருட்டல் பலிக்கிற அன்று திணற வேண்டாம்.

2024 விதிகளுக்கு மாறினால் இந்தத் தலைவலி இல்லை. அங்கே உருட்டலே கிடையாது. ஐந்தாம் லெவல் வரையிலான கிளெரிக் ஸ்பெல் ஒன்றை ஸ்லாட்டும் பொருளும் இல்லாமல் போடலாம், லாங் ரெஸ்டுக்கு ஒரு முறை. சுத்தமான விதி. ஆனால் தெய்வம் வந்த மாதிரியே இருக்காது.

——

கேள்விக்குறி எழுதியது:

எல்லோரும் தெய்வம் இருக்கிறது என்பதை உறுதியாக வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். 2004ல் வந்த எபெரான் என்ற டி அண்ட் டி உலகம் அப்படி வைக்கவில்லை. ஒன்பது தெய்வம் ஒரு பக்கம், ஆறு இருண்ட தெய்வம் மறுபக்கம். யாரும் மேடைக்கு வருவதில்லை, இருக்கிறார்களா என்பதே நிச்சயமில்லை. ஊழல் பூசாரிக்கும் ஸ்பெல் வேலை செய்யும். பிடிபடுகிற வரை அவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கோயில் சூழ்ச்சிக் கதைக்கு அதுதான் தீனி.

விலக்கை மீறினால் உப்பு கறுக்கும் என்று வைத்தீர்களானால், பொய்ப் பூசாரி கதையை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். கறுக்காத உப்பைக் காட்டினால் அவர் நிரபராதி. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: பதில் சொல்லும் தெய்வமா, வாய் திறக்காத தெய்வமா. இரண்டையும் ஒரே கேம்பெய்னில் கலக்கினால் வீரர்கள் துப்புத் துலக்குவதை விட்டுவிட்டு உப்பு டப்பாவோடு அலைவார்கள்.

——

இருபதுமுகம் எழுதியது:

நியாயம். அடையாளம் தன் மீறலை அந்தக் கிளெரிக்குக்கு மட்டும் காட்டும், மற்றவர் கண்ணுக்கு உப்பு வெள்ளையாகவே தெரியும் என்று வைத்தால் உங்கள் பொய்ப் பூசாரியும் பிழைத்துக்கொள்வார்.

——

மூலைக்கடை எழுதியது:

தீய தெய்வங்கள் ஆறு பற்றி யாரும் பேசவில்லை. 'இதை யார் கும்பிடுவார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். வில்லன் மட்டும்தான் என்று பதில் வந்தால் அது தெய்வமே இல்லை, வில்லனுக்குப் பட்டப் பெயர். ரோமில் ரோபிகஸ் என்று ஒரு தெய்வம், கோதுமையில் விழும் துரு நோய்க்கு உரியவன். ஏப்ரல் 25 அன்று அவனுக்கு நாயைப் பலி கொடுத்தார்கள். கெட்டவர்கள் கூடிச் செய்த பூஜை இல்லை. வயலுக்கு வராமல் இருக்கட்டும் என்று அரசாங்கச் செலவில் நடந்த சடங்கு. உங்கள் ஆறு பேரையும் அப்படித் திருப்புங்கள். கொள்ளை நோய்த் தெய்வத்துக்கு வரி கட்டுகிற ஊரும், 'அதைக் கும்பிடுவது பாவம்' என்று கோயிலை இடிக்க வருகிற பாலடினும் மோதட்டும். உங்கள் மேசையில் பாலடின் ஏற்கெனவே இருக்கிறார்.

மூன்று நகரம் இருக்கும்போது இன்னொன்றையும் விடக் கூடாது. எதிரி நகரத்தின் தெய்வத்தையே தன் பக்கம் அழைக்கும் வழக்கம் ரோமருக்கு உண்டு. கி.மு. 396ல் வேயி நகரத்தைப் பிடித்தபோது அதன் தெய்வமான ஜூனோவை ரோமுக்கு அழைத்துப் போனார்கள். 'ரோமுக்கு வருகிறாயா' என்று ஒரு வீரன் கேட்க, சிலை தலையசைத்ததாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். ரோமின் காவல் தெய்வம் யார் என்பதை ரகசியமாக வைத்திருந்ததே இதற்குப் பயந்துதான் என்கிறார் இன்னொரு ரோம எழுத்தாளர் ப்ளினி. முற்றுகைச் சண்டையை மூன்று செஷன் இழுப்பதற்குப் பதில் இதைக் கொடுங்கள்: அவளுடைய உண்மைப் பெயரை அறிய வேண்டும், இப்போது கிடைப்பதைவிடப் பெரிய கோயில் தருவதாகச் சொல்ல வேண்டும், அவள் சம்மதித்ததற்கு ஒரு அடையாளம் பெற வேண்டும். மூன்றும் நடந்தால் கோட்டைக்குள் இருக்கும் கிளெரிக்குகளின் சேனல் டிவினிட்டி விடியும்போது வேலை செய்யாது. வாக்குக் கொடுத்த கோயிலைப் பிறகு யார் காசில் கட்டுவது என்பது அடுத்த கேம்பெய்ன்.

பெயர்: கரையோள் நல்ல பெயர், கேட்டதும் என்ன சாமி என்று புரிகிறது. தமிழில் ஆடுகிறவர்கள் ஆங்கிலப் புத்தகப் பெயர்களைப் பிடித்துத் தொங்குவதால்தான் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. கறுத்தவன் மாயோன், சிவந்தவன் சேயோன் என்று தொல்காப்பியத்திலேயே தெய்வப் பெயர் குணத்திலிருந்துதான் வருகிறது. அதே அச்சில் வார்க்கலாம்: கணக்கோன், நீறுடையாள், மூன்றாம் மணியோன். அச்சை மட்டும் எடுங்கள், சாமியை எடுக்காதீர்கள். இன்றைக்கும் மக்கள் கும்பிடுகிற தெய்வத்துக்கு ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) எழுதும் தவறை 1980ன் டெயிட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் செய்தது. ஸீயஸுக்கு 400 என்றால் இன்றைக்கு யாருக்கும் வலிக்காது, அதே புத்தகத்தில் இந்தியத் தெய்வங்களும் இருந்தன. உங்கள் மேசையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக் காலண்டரில் இருப்பவரை இருபதுமுகப் பகடைக்கு முன்னால் நிறுத்த வேண்டாம். சொந்தமாக எழுதிய தெய்வத்துக்குக்கூட ஹிட் பாயின்ட் எழுதாதீர்கள். எண் இருந்தால் கொல்லப் பார்ப்பார்கள்.

——

களம்பாடி எழுதியது:

கொள்ளை நோய்க்கு ஒரு அட்டை எழுதிப் பார்த்தேன். சரியா?

நீறுடையாள். நேச்சர், நாலெட்ஜ்.
கும்பிடுவோர்: கழிமுக உழவர்கள், பிணம் எரிப்பவர்கள், மருத்துவர்கள்.
சடங்கு: காய்ச்சல் கண்ட வீட்டு வாசலில் சாம்பலால் ஒரு கோடு.
விலக்கு: நோயாளிகளுக்குத் தீங்கு செய்யக் கூடாது.
காணிக்கை: அறுவடையில் முதல் கட்டு, எரித்துவிட வேண்டும்.
பூசாரி: முன்னாள் மருத்துவர், ஊரை மூடச் சொல்லி நகர சபையோடு மல்லுக்கட்டுகிறார்.
சச்சரவு: குணமானவர் அவளுக்குக் கடன்பட்டவரா, அவளிடமிருந்து தப்பியவரா.
இன்டர்வென்ஷன்: எதிரிகள் எல்லோருக்கும் காய்ச்சல், உங்களில் ஒருவருக்கும்.

——

வரைபடக்காரன் எழுதியது:

விலக்கைத் தவிர எல்லாம் பிரமாதம். 'தீங்கு செய்யக் கூடாது' என்பதை யாரும் மீறப்போவதில்லை. உங்கள் சடங்கிலேயே விலக்கு ஒளிந்திருக்கிறது: சாம்பல் கோட்டைத் தாண்டி உள்ளே போனவர், நோயாளி எழும் வரையோ இறக்கும் வரையோ வெளியே வரக் கூடாது. உங்கள் லைஃப் கிளெரிக் எந்த வீட்டு வாசலிலும் இரண்டு நிமிஷம் யோசித்துத்தான் காலை வைப்பார்.

லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் மந்திரம் ஒரு ஸ்லாட்டில் நோயைத் தீர்த்துவிடும் என்பதை மறக்காதீர்கள். இந்த நோய்க்கு அது நோயாளியை எழுப்பும், ஆனால் வாசலில் போட்ட சாம்பல் கோடு அழியாது என்று முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வீட்டோடு கதை முடிந்துவிடும்.